பத்துல சைபர், நூத்துல தொண்ணூத்தாறு

கோயமுத்தூர் மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள். 2021 மே 2-ம் தேதி வாக்கு எண்ணி முடித்தபோது திமுகவுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதிமுக 9, பாஜக 1. மாநிலத்தில் ஆட்சியே மாறியும் எங்கள் மாவட்டம் அசையவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 22-ம் தேதி மாநகராட்சி வாக்குகளை எண்ணினார்கள். 100 வார்டில் திமுக கூட்டணிக்கு 96. அதிமுகவுக்கு 3. எஸ்.டி.பி.ஐ.க்கு 1. கமல்ஹாசனை 1,728 ஓட்டில் தோற்கடித்து கோவை தெற்கைப் பிடித்த பாஜகவுக்கு மாநகராட்சியில் ஒரு வார்டுகூட இல்லை.

இடைவெளி பத்து மாதம்கூட இல்லை. அதற்குள் ஊர்க்காரர்கள் கொள்கை மாறிவிட்டார்களா என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். நான் சுந்தராபுரம் பக்கம் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. 1996-லிருந்து எல்லா உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் தெரு நலச் சங்கத்துக்காக மனு எழுதி எழுதியே கையெழுத்து தேய்ந்திருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் தேர்தலுக்கு முந்தின வாரமே விடையைச் சொல்லிவிட்டார்.

“ஏனுங் தம்பி, மேல ஒரு கட்சி, கீழ ஒரு கட்சின்னா பைப்புல தண்ணி வருமுங்களா?”

ஹாட் பாக்ஸ்தான் காரணம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆளுங்கட்சிக்காரர்கள் வாக்காளர்களுக்கு ஹாட் பாக்ஸ், வெள்ளிக் கொலுசு கொடுக்கிறார்கள் என்று அந்தத் தேர்தலில் புகார் கிளம்பி, ஓட்டுப்பதிவுக்கு முதல்நாள் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கலெக்டர் ஆபீசில் தரையில் உட்கார்ந்து போராடியது டிவியில் நாள் முழுக்க ஓடியது. மாநகராட்சி வார்டு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த வரம்பு 85,000 ரூபாய். அந்த வரம்பு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பது பிரசாரத்தின்போது தெருவில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பாத்திரத்துக்காக ஊர் முழுக்கக் கட்சி மாறியது என்று நான் நம்பவில்லை. 2011-ல் அதிமுக ஆட்சிக்கு வந்த சில மாதத்தில் நடந்த தேர்தலில் அப்போதிருந்த 10 மாநகராட்சிகளும் அதிமுகவுக்குப் போயின. 2022-ல் 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணிக்குப் போயின. 2001-ல் சென்னை போல விதிவிலக்குகள் உண்டு. பொதுவாக உள்ளாட்சியில் ஜனங்கள் போடுவது பைப்புக்கான ஓட்டு. சென்னையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய ஆள் நம் தெருவில் இருந்தால் காரியம் நடக்கும் என்ற கணக்கு. எங்கள் மாவட்டத்துக்கு அப்போது பொறுப்பு அமைச்சராகச் செந்தில்பாலாஜியைப் போட்டதும் அந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்துகொண்டுதான்.

கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். அரைகுறைக் கணக்கு என்பேன். எந்தக் கட்சிக் கவுன்சிலர் என்பதில் இருக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்து கொஞ்சம்தான். கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் ரொம்பப் பெரிது. அதை நாங்கள் அஞ்சு வருஷத்துக்கு மேல் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தல் அது. வேட்புமனுத் தாக்கல்கூட முடிந்துவிட்டது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ம் தேதி அறிவிப்பை ரத்து செய்தது. வழக்குப் போட்டது ஒரு கட்சி. அதைச் சாக்காக வைத்து, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று இழுத்துக்கொண்டே போனது இன்னொரு கட்சியின் அரசு. கடைசியில் நகர்ப்புறத்துக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19-ல். பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243யு பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பிரிவு இருந்தும் இத்தனை காலம்.

நடுவில் மாநகராட்சியை நடத்தியவர் தனி அலுவலர், அதாவது கமிஷனரே. மன்றத்தின் அதிகாரம், நிலைக்குழுக்களின் அதிகாரம் எல்லாம் ஒரே மேஜையில். திட்டம் தயாரிப்பவரும் அவர், அதற்கு ஒப்புதல் தருபவரும் அவர். நல்ல அதிகாரிகள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த ஊரில் என்னென்ன முடிவாயின என்று பாருங்கள். பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தரும் திட்டத்துக்கு, சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஜனவரியில். ஊரின் குடிநீர் ஒரு தலைமுறைக்கு எப்படி நிர்வகிக்கப்படும் என்ற முடிவு அது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று, மாநகராட்சி மன்றம் கூடும் விக்டோரியா ஹாலில் எழுந்து நின்று கேட்க அன்றைக்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. எதிர்க்கட்சியாக இருந்தவரை திமுகவும் இடதுசாரிகளும் தெருவில் போராடினார்கள். ஆட்சி மாறிய பிறகும் வேலை நிற்கவில்லை. மன்றம் இருந்திருந்தால் ஒப்பந்தம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்போதும் பெரும்பான்மை கை தூக்கியிருக்கும். ஆனால் யார் கை தூக்கினார், யார் எதிர்த்தார் என்ற பதிவு இருந்திருக்கும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

ஸ்மார்ட் சிட்டியும் அப்படித்தான். 2016 ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அதற்கென்று தனிக் கம்பெனி. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று குளக்கரைகளில் நடைபாதை போட்டதில் பெரும்பகுதி மன்றம் இல்லாத காலத்தில்தான். நடைபாதை அழகாக இருக்கிறது. எங்கள் குறிச்சிக் குளக்கரையில் எழுத்துகளாலேயே செய்த திருவள்ளுவர் சிலையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருகிறது. நானும் சாயங்காலம் நடக்கிறேன். ஆனால் குளக்கரைக் குடியிருப்புகளைக் காலி செய்து புறநகர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது, அந்த ஜனங்களுக்காக உள்ளே போய்ப் பேச வார்டு உறுப்பினர் என்று யாரும் இல்லை.

எங்கள் தெரு அளவில் நடந்தது இதைவிடச் சின்ன விஷயம்தான், ஆனால் பாடம் பெரிது. குறிச்சியும் குனியமுத்தூரும் 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. இந்தப் பக்கம் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டினார்கள். குழாய் பதித்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். முதல் மழையிலேயே மண் இறங்கிப் பள்ளமானது. ஒரு அலுவலகத்தில் கேட்டால் “நாங்க குழி எடுத்ததோட சரி, ரோடு அவிய போடணும்” என்றார்கள். அவர்களிடம் போனால் “இன்னும் எங்க கைக்கு ஒப்படைக்கலீங்க” என்றார்கள். கவுன்சிலர் இல்லாத காலத்தில் இந்த இரண்டு மேஜைக்கும் நடுவே நாங்களே நடந்தோம்.

2022-க்குப் பிறகு நிலைமை தலைகீழாக மாறிவிடவில்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016 சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். ஜெயித்தவருக்கு போன் போட்டால் எடுப்பவர் வீட்டுக்காரர். “சொல்லுங்ணா, அக்கா உள்ள வேலையா இருக்குது, நான் பாத்துக்கறேன்.” நாங்கள் ஒன்று செய்தோம். மனுக்களை வீட்டுக்காரரிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, கவுன்சிலர் அம்மா பெயருக்கே எழுதி, எங்கள் தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிப் போய் அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னோம். முதல் இரண்டு தடவை கணவர் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் நிற்கவில்லை. மூடிய பள்ளத்துக்குத் தார் போடும் வேலையை மண்டலக் கூட்டத்தில் எழுப்பியது அந்த அம்மாதான். அதன் பிறகுதான் இரண்டு அலுவலகத்துப் பொறியாளர்களும் ஒரே நாளில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்து அளந்தார்கள். கவுன்சிலரின் உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். அவரிடம் பணம் கொஞ்சம். 2023 ஜூலையில் அரசு மதிப்பூதியம் அறிவித்தபோது மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், மேயருக்கு 30,000. ஆனால் கூப்பிட்டால் பொறியாளர் வந்துதான் ஆக வேண்டும். நாங்கள் கூப்பிட்டால் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் பாதிச் சண்டை வீணாகிறது. பொள்ளாச்சி ரோட்டுக் குழிக்குக் கவுன்சிலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அது நெடுஞ்சாலைத் துறைக்காரர்களுடையது. அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலமும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை, 1,791 கோடி. அதற்கு மாநகராட்சிக்குப் பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. கம்பம் சாய்ந்தால் மின்வாரியம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இரண்டு இடத்திலும் வேலை சுளுவாகும். ரேஷன் கடை, போலீஸ், பட்டா, பஸ் எல்லாம் மாநில அரசு. சிறுவாணித் தண்ணீர் குறைந்தால் அது இரண்டு மாநில விவகாரம்: அணை கேரளத்துக்குள் இருக்கிறது, பாதுகாப்பைக் காரணம் காட்டி முழு உயரத்துக்கும் தண்ணீர் தேக்க விடுவதில்லை. எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருகிறது, எந்த வால்வு எப்போது திறக்கிறார்கள் என்பது மட்டும் உள்ளூர் விஷயம். அதைக் கவுன்சிலரைவிட வாட்டர்மேன் நன்றாக அறிவார். அவரைப் பகைத்துக்கொண்டவர் தெருவில் குடியிருக்க முடியாது.

மனு விஷயத்தில் எங்கள் சங்கம் பழகிய முறையைச் சொல்கிறேன். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்புவதில்லை. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். தண்ணீர், குப்பை, நாய், விளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் முதல் மேஜையிலேயே படுத்துவிடும். மாநகராட்சியின் செவ்வாய்க்கிழமைக் குறைதீர் முகாமில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை அடுத்த மனுவில் மேற்கோள் காட்ட வேண்டும்.

ரோடு, வடிகால் போன்ற பெரிய வேலைக்கு நேரம் முக்கியம். பட்ஜெட் மார்ச்சில் வருகிறது. டிசம்பர், ஜனவரியிலேயே உதவிப் பொறியாளரிடம் எஸ்டிமேட் போட வைத்தால்தான் அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். ஏப்ரலில் போய் நின்றால் “நிதி வரட்டுமுங்” என்ற பதில்தான். போட்ட ரோடு ஒரு மழைக்குத் தாங்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி எம்-புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பில் போட்டிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. எங்கள் அனுபவத்தில் நகல் கைக்கு வருவதற்கு முன்பே சில சமயம் ரோட்டில் ஒட்டுப்போட ஆள் வந்துவிடுகிறது.

நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் தந்தால் மிச்சம் அரசு. நீர்நிலை என்றால் பாதிக்குப் பாதி. பூங்கா, விளையாட்டு இடம் மாதிரி வேலைக்கு நல்ல வழிதான். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. காசு திரட்டத் தெம்புள்ள லேஅவுட்டுக்குப் பூங்கா வரும், கூலிக்குப் போகிறவர்கள் இருக்கும் லைன் வீட்டுத் தெருவுக்கு வராது.

வரியைச் சொல்லாமல் உள்ளாட்சித் தேர்தலைப் பேச முடியாது. 2018-ல் சொத்துவரியை உயர்த்தினார்கள். ஊரெல்லாம் முணுமுணுப்பு. 2019 நவம்பரில், அதாவது ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தின மாதம், அந்த உயர்வை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியதை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. அது அதிமுக ஆட்சி. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல், மார்ச் 4-ல் மேயர்கள் பதவியேற்பு, ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு. எங்கள் மாநகராட்சிக்கு, 600 சதுரடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அது திமுக ஆட்சி. 15-வது நிதிக்குழு மானியத்துக்கு வைத்த நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் நிபந்தனை தேர்தலுக்கு முன்பும் இருந்ததுதானே? பிரசாரத்தில் எந்த வேட்பாளரும் அதைப் பற்றி வாய் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அரசாணை மேலிருந்து வந்தது, மன்றங்கள் ஏற்றுக்கொண்டன. வரியை முடிவு செய்வது கோட்டை, வரி வாங்குவதும் வசவு வாங்குவதும் மாநகராட்சி. இதில் சின்ன ஆறுதல், அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரல், அக்டோபர் இரண்டு மாதத்தையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ட்ரோன் வைத்து வீடுகளை அளந்து வரி திருத்தும் வேலை இங்கே தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பு வெளியே தெருவிலும் இருந்தது, உள்ளே மன்றத்திலும் இருந்தது. 2018-ல் மன்றத்துக்குள் பேச யாரும் இல்லை.

மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடையில் ஒரு வாதம் வரும். இந்த விஷயத்தில் எங்களுக்கு எல்லா வகையும் பழக்கம். 1996, 2001 நேரடி. 2006-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடி. 2016-ல் மறைமுகம் என்று சட்டம், தேர்தலே நடக்கவில்லை. 2018-ல் திரும்ப நேரடி என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம். ஆளுங்கட்சிக்கு எந்த முறை தோதோ அந்த முறை, அவ்வளவுதான். 2011-ல் நேரடியாக ஜெயித்த மேயர் செ.ம. வேலுசாமி 2014-ல் பதவி விலகினார். இடைத்தேர்தலைத் திமுக புறக்கணித்தது. பாஜக வேட்பாளரைத் தோற்கடித்து அதிமுகவின் கணபதி ராஜ்குமார் மேயரானார். 2022-ல் மறைமுகத் தேர்தலில் வந்த கல்பனா ஆனந்தகுமார், கோவையின் முதல் பெண் மேயர், 2024 ஜூலையில் விலகினார். ஆகஸ்டில் ரங்கநாயகி போட்டியின்றி வந்தார். இரண்டு முறையிலும் மேயர் பாதியில் போனார், அவர் போவதைப் பற்றி இரண்டு முறையிலும் ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. இந்த ஊர் அரசியலின் வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும்: 2014-ல் அதிமுக மேயரான அதே கணபதி ராஜ்குமார்தான் 2024 மக்களவைத் தேர்தலில் திமுக வேட்பாளராக நின்று அண்ணாமலையைத் தோற்கடித்தவர். வார்டு அரசியலைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் இதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று தெரியவில்லை.

மாநில அரசும், எந்தக் கட்சி ஆனாலும், உள்ளாட்சியைத் தாண்டி நேராக ஜனங்களிடம் வரவே விரும்புகிறது. மக்களுடன் முதல்வர் திட்டத்தை 2023 டிசம்பரில் தொடங்கியது எங்கள் கோவையில்தான். 2025-ல் உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள். முகாமில் வேலை நடக்கிறது. எங்கள் பட்டறைப் பையனுடைய பாட்டிக்கு முதியோர் பென்ஷன் கேட்டு அங்கேதான் மனு கொடுத்தோம். ஆனால் மனு வாங்குவது முதல்வர் பெயரில் என்றால், மன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் எப்படி வளரும்? 2022 நவம்பர் 1-ல் பகுதி சபா என்று, வார்டுக்குள் பகுதி பகுதியாக ஜனங்களைக் கூட்டிப் பேசும் கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல யோசனை. எங்கள் பகுதியில் நடந்த கூட்டத்துக்குப் பாதிக்கு மேல் வந்தது கட்சிக்காரர்கள். அதனால் போகாமல் இருக்க வேண்டாம். போய், கோரிக்கையை நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு வர வேண்டும். பேசியது காற்றோடு போகும்.

கிராமத்துப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். கோவை மாவட்டத்துக் கிராமங்களும் அதில் சேர்த்தி. அதே நேரத்தில் மதுக்கரை நகராட்சி, பேரூர், இருகூர், வெள்ளலூர் போன்ற பேரூராட்சிகள், சில ஊராட்சிகள் எல்லாவற்றையும் மாநகராட்சியோடு சேர்க்கும் திட்டத்தையும் அரசு வெளியிட்டது. ஊராட்சிக்காரர்களுக்கு நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும் என்ற பயம். வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சார்பில் தீர்மானம் போடத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை.

இது எங்கள் வார்டையும் தொடும். இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, 2027 மார்ச்சில் முடியும். ஊர்களைச் சேர்த்தால் வார்டு எல்லை மாறும். எல்லை மாற்றம் என்றால் மறுவரையறை, இட ஒதுக்கீடு, அதன் மேல் வழக்கு. 2016-ல் பார்த்த அதே வரிசை. 2026 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் டீக்கடையில் எல்லார் வாயிலும் அதுதான். யார் முதல்வர் என்று பந்தயம் கட்டினார்கள். அந்தத் தேர்தலுக்குப் பிறகு யார் வந்தாலும் மாநகராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட அவர்களுக்கு ஒரு காரணம் தயாராகக் கிடைக்கும் என்பது என் பயம். அதிகாரி மட்டும் இருக்கும் மாநகராட்சி எந்த ஆளுங்கட்சிக்கும் வசதி.

அதனால் சங்கத்தில் சில விஷயங்களை இப்போதே எடுத்திருக்கிறோம். ஒன்று வாக்காளர் பட்டியல். வார்டுப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரித்து எடுக்கப்படுகிறது. எஸ்.ஐ.ஆர். எனும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் படிவம் கொடுக்காமல் விட்டவர் அடுத்த உள்ளாட்சித் தேர்தலிலும் விடுபட்டுப் போவார். 2022-ல் ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு வார்டு, மகனுக்கு அடுத்த வார்டு என்று வந்த குளறுபடியும் எங்கள் தெருவில் உண்டு. பெயர் இருக்கிறதா என்பதோடு, எந்தப் பாகத்தில், எந்த வார்டில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, வேட்பாளர்களிடம் கேட்கும் கேள்விகள். 2022-ல் மனு வாபஸ் பிப்ரவரி 7, ஓட்டு 19. நடுவில் 12 நாள். அந்தப் பரபரப்பில் யோசித்துக் கேட்க முடியாது. எங்கள் கேள்விகளை எழுதியே வைத்திருக்கிறோம்: மன்றக் கூட்டத்துக்கு வருவீர்களா, அஜெண்டாவை முன்கூட்டியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவீர்களா, வார்டு நிதியில் என்ன வேலை எவ்வளவுக்கு நடந்தது என்று வருஷம் ஒருமுறை போர்டு வைப்பீர்களா, போனை நீங்களே எடுப்பீர்களா. கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது எங்கள் தெருப் பெண்கள்.

மறுவரையறை வரைவு வெளியானால் ஆட்சேபனை சொல்லத் தரும் அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். எங்கள் தெருவையும் பின் தெருவையும் சேர்த்து எத்தனை வீடு, எந்த வாய்க்கால் எல்லை, எந்த டேங்கிலிருந்து தண்ணீர் வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறார் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற டிராப்ட்ஸ்மேன். ஒரே டேங்கில் தண்ணீர் குடிப்பவர்களை இரண்டு வார்டாகப் பிரிக்காதீர்கள் என்பதுதான் நாங்கள் கொடுக்கப் போகும் ஆட்சேபனையின் முதல் வரி.